இதுல என்னங்க கலந்திருக்குது?

மலைமேல் இருக்கிற மஞ்சக்குட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பெரிய கடை என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் நான்கு பலகை, பின்னால் மூட்டை அடுக்க ஓர் அறை, மேலே தகரம். மழை பிடித்துக்கொண்டால் தகரச் சத்தத்தில் எதிரில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. வாயசைவைப் பார்த்துத்தான் சாமான் எடுத்துப் போடுவேன். எந்த மழையிலும் பார்க்காமலே எனக்குத் தெரிந்த வாயசைவு ஒன்று உண்டு.

“ஏனுங்ணா, இதுல என்னங்க கலந்திருக்குது?”

அந்த அம்மிணி உப்பு வாங்கினாலும் அதைக் கேட்கும். பொட்டுக்கடலை வாங்கினாலும் கேட்கும். ஒருமுறை துவரம்பருப்பை உள்ளங்கையில் கொட்டி, ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டது.

“பருப்புல பருப்புத்தான் அம்மிணி கலந்திருக்குது,” என்றேன்.

“அது தெரியுதுங்ணா. மூட்டை எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு கேக்கறேன்.”

மைதா மூட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்று பருப்பை வாங்காமலே போய்விட்டது.

அம்மிணி என்பது பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். அதன் பெயர் எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. அதன் அனுமதி இல்லாமல் சொல்ல எனக்கு என்ன பாத்தியம் இருக்கிறது?

பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை. அதன் வீட்டுக்காரர் பழத்தைத் தோல் உரிக்கிற மிஷினில் வேலை. இருவரும் எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில், மாமியாரோடு குடியிருந்தார்கள். கீழ்நாட்டில், வாழப்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து கல்யாணமாகி மலை ஏறி வந்த பெண். முதலில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அதன் நகம்தான். கரண்டி மாதிரி குழிந்திருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். ரத்தம் இல்லாவிட்டால் அப்படி ஆகும் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பிற்பாடு சொன்னார்.

கடையில் நிற்கிற மற்றவர்கள் அம்மிணிக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். தராசுத் தட்டை என்னைத் துடைக்கச் சொல்லும். நான் துடைத்த பிறகு இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்து மறுபடியும் தானே துடைக்கும். “மைதா நிறுத்த தட்டுங்ணா, கோவிச்சுக்காதீங்க,” என்று சொல்லிக்கொண்டே துடைக்கும். பின்னால் நிற்கிற பெண்கள், “ஏனுங்க இன்ஸ்பெக்டரம்மா, கடைக்குச் சீல் வெக்கறீங்களா?” என்பார்கள். அம்மிணி திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். சிரித்தாலும் துடைப்பதை நிறுத்தாது.

ஊரே மிஷினில் ராகி அரைத்துக்கொண்டிருந்தபோது அம்மிணி மட்டும் திருகைக் கல்லில் அரைத்தது. மிஷினில் முதல் ஆள் கோதுமை அரைத்திருப்பான், அடுத்தது நம் ராகி விழும், அது ஆகாது என்று தானாகவே கண்டுபிடித்திருந்தது. அதை எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு முறை மிஷின் மாவைத் தின்று, இரண்டு முறையும் வயிறு போய், மூன்றாம் முறை திருகையை இறக்கிவிட்டது.

கோதுமைதான் அதற்கு விஷம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பன், பார்லி. இப்போது ஏதோ பேர் சொல்கிறார்கள், டவுனில் அதற்கென்று தனி பிஸ்கட்டுகூட வருகிறதாம். நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது மலை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று கேள்விப்பட்ட ஆள் கம்பவுண்டரைத் தவிர ஒருவர் கிடைத்திருக்க மாட்டார்.

நோய் தெரிவதற்கு முன்பு நடந்ததைச் சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி எவ்வளவு பொல்லாதது என்று உங்களுக்குப் புரியாது.

எங்கள் பக்கம் ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போனால், யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். வசியத்துக்கோ பகைக்கோ, தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்து. அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, மயிரும் பாசியுமாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டுவார்கள். அதனால் ஒருவர் வீட்டில் கை நனைக்க உட்கார்ந்து, இலையைப் பார்த்து, இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால், நீ எனக்கு மருந்து வைத்தாயா என்று முகத்துக்கு நேரே கேட்ட மாதிரி. சண்டை வரும். உறவு அறும். அம்மிணி அந்தக் கேள்வியைத்தான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணமான ஐந்து வருஷத்தில் அம்மிணிக்கு இரண்டு கரு கலைந்தது. வயிறு உப்பும், போகும், கால் வீங்கும். மாமியார் அடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து எடுக்க வைத்தார். உருண்டை வந்தது. “ஊட்டுக்குள்ளாற வந்து போற பொம்பள, கையால தட்டிச் சுட்டுக் குடுத்தது,” என்று எடுத்தவன் சொல்லிவிட்டான். தட்டிச் சுட்டுக் கொடுத்தவள் ஒருத்திதான். அம்மிணியின் ஓரம்படியா, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அடுத்த லைனில் இருந்தாள். ரேஷனில் போட்ட கோதுமையை அரைத்து, இளைத்த பெண்ணுக்குச் சத்து வரட்டும் என்று தினமும் இரண்டு சப்பாத்தி சுட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டவள்.

மாமியார் அந்த உருண்டையை வெற்றிலையில் வைத்து லைன் முழுக்கக் காட்டினார். ஓரம்படியா குடும்பத்தோடு கரடியூர்ப் பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கம்பவுண்டர் வீட்டாரோடு சண்டை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, வெளியூரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்களாம். கோதுமை இந்தக் குடலுக்கு ஆகாது, உயிர் இருக்கிறவரைக்கும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்த மறுநாளே அம்மிணி கரடியூருக்கு நடந்தே போனது. போய் வந்து என் கடைப் பலகையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டது.

“சொல்லிட்டீங்களா அம்மிணி?”

“சொன்னேனுங்ணா. மருந்தும் இல்ல மாயமும் இல்ல, கோதுமைதான் ஆவலையாம், உங்க மேல தப்பில்லீங்கக்கான்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அப்ப நான் குடுத்ததுதான் உன்னைக் கெடுத்துச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டாராக்கும்னு கேட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க.”

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை என்னிடம் கொடுக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தது.

கோதுமையை விட்ட பிறகு உடம்பு தேறியது. களி, சாமைச்சோறு, கீரை, மொச்சைக்கொட்டை. மலைக்காரர்கள் காலங்காலமாகத் தின்றது. ஊருக்கெல்லாம் ரொட்டியும் பன்னும் மேல், களி கீழ். அம்மிணிக்குக் களி உயிர். லைன் பெண்கள், “எங்களுக்கும் ஒரு நோவு வந்து அரிசிச்சோறு மட்டுந்தான் திங்கணும்னு சொன்னா நல்லாருக்கும்,” என்று கேலி பேசினார்கள்.

அந்த வருஷம் மழையில் அம்மிணிக்குக் காய்ச்சல் வந்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்தது. நோயாளியைப் பார்க்கப் போனால் எதைக் கொண்டுபோவார்கள்? பன், ரஸ்க், ரொட்டிதான். காய்ச்சல்காரருக்கு ரொட்டி என்பது நம் ஊர்ச் சட்டம். வந்தவர்கள் எல்லாரும் அதையே கொண்டுவந்தார்கள். நானும் அரை டஜன் பன் கொண்டுபோனேன். கடைக்காரன், எனக்கே புத்தி வரவில்லை பாருங்கள். அம்மிணி யாருடைய மனத்தையும் நோகடிக்காமல் வாங்கித் தலைமாட்டில் அடுக்கியது. அப்புறம் ஜன்னல் வழியாகக் குரங்குகளுக்கு எறிந்தது. “ஏனுங்ணா, அந்தத் தாட்டியான குரங்கு இருக்குது பாருங்க, அது நீங்க குடுத்த பன்னுல வளந்ததுங்க,” என்று ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சிரித்தது.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் யாரோ வேண்டுதலுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மிணி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டது. கொடுத்தவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். “சாமிக்குப் படைச்சதுல என்னத்தைடி கலப்பாங்க?” என்று கத்தினார். கூட்டம் திரும்பியது. அம்மிணி கேசரியைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நின்ற கிழவியின் கையில் வைத்துவிட்டு நகர்ந்தது. வீட்டுக்காரர் கூட்டத்தில் இரண்டடி தள்ளி, வேறு யாரோ மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன், தள்ள முடியாது.

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அப்பன் மாடு மேய்த்தார், நானும் மேய்த்தேன், பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. கடையில் டப்பாவை நிறத்தையும் படத்தையும் வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன். அதே கோயில் திருவிழாவில் தரையில் விரித்து விற்றவனிடம் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு, பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பரைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மளிகைக்காரர் படித்தவர் என்று பேர். யாராவது கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், “கண்ணு எரியுதுங்க, எஸ்டேட் ரைட்டர்கிட்டக் கொண்டு போங்க,” என்பேன். என் வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். “ஒரு நாளைக்கு மாட்டுவீங்க,” என்பாள்.

அம்மிணிக்கு மூன்றாவதாக வயிற்றில் தங்கியது. மூன்று மாதம் ஆனதும் அதுவே வந்து என்னிடம் சொன்னது. முகம் தெளிந்திருந்தது. நகத்தில் குழி மறைந்திருந்தது. “இந்தத் தடவை நிக்கும்னு கம்பவுண்டரய்யா சொல்றாருங்ணா. வாய மட்டும் பாத்துக்கோன்னாரு.” பிறகு தயங்கித் தயங்கி, வயிறு கல் மாதிரி இருக்கிறது, வாயு என்றது.

“பெருங்காயம் கரைச்சு மோர் குடிங்க அம்மிணி. எங்க ஊட்டுல எல்லாப் புள்ளைக்கும் அதுதான்,” என்று சொல்லி, பூப்படம் போட்ட மஞ்சள் டப்பாவை எடுத்து வைத்தேன். அதுவரை அந்த வீட்டில் பெருங்காயம் வாங்கியதில்லை. லைன் வீடுகளில் பூண்டோடு சரி.

அம்மிணி மோந்து பார்த்தது. அப்புறம் கேட்டது.

“மரத்துப் பாலு அம்மிணி இது. கீறி விட்டா வடியுமாம். இதுல எங்கிருந்து கோதுமை வரும்?”

“டப்பாவுல எழுதியிருக்குமுங்களே. படிச்சவங்ககிட்டக் குடுத்துக் கேட்டுக்கோன்னு கம்பவுண்டரய்யா சொல்லியிருக்காரு. செத்தப் படிச்சுச் சொல்லுங்ணா.”

கடையில் இரண்டு பெண்களும், ஷேர் ஜீப் ஓட்டுகிறவரும் நின்றிருந்தார்கள். கண் எரிகிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது, முழுங்கிவிட்டேன். கண்ணாடியைப் போட்டேன். டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உதட்டை அசைத்தேன்.

“சுத்தமான பெருங்காயம்னு போட்டிருக்குது. வேற ஒண்ணுமில்ல.”

ஜீப்காரர், “இன்ஸ்பெக்டரம்மா, கையெழுத்து வாங்கிக்குங்க,” என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மிணியும் சிரித்தது.

“நீங்க சொன்னாச் சரிதாங்ணா,” என்று டப்பாவை வாங்கிக்கொண்டது.

பெருங்காயம் தனியாக அப்படி டப்பாவில் வராது. மாவு சேர்த்துத்தான் கட்டியாக்குவார்கள். இது உங்களில் பலருக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. தெரியாதது தப்பில்லை. தெரியாததைப் படித்த மாதிரி சொன்னேனே, அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது. வயிறு கெட்டால் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் பெருங்காயம். நானே சொன்னேன், “காலையில ஒரு வேளை, பொழுது சாய ஒரு வேளை குடிங்க.” டப்பா தீரத் தீர நானே எடுத்துக் கொடுத்தேன். கன்னம் ஒட்டியது. கால் வீங்கியது. மாமியார் மறுபடி அடிவாரத்துக்குப் போக வேண்டும் என்றார். கரடியூரிலிருந்தே செய்கிறாள், இன்னும் விடவில்லை என்றார். அம்மிணி மாட்டேன் என்று சொல்லிவிட்டது. மாமியாரை எதிர்த்து அது பேசியதை அன்றைக்குத்தான் லைன் பார்த்ததாம்.

“எங்கக்கா குடுத்தது சப்பாத்திங்க. இனியும் அவுங்களைச் சொன்னா நான் இந்தப் படி தாண்டிப் போயிருவேன்.”

ஏழாம் மாதம் ஒருநாள் கம்பவுண்டர் என் கடைக்கு வந்தார். கடைப் பக்கமே வராத மனிதர். வெள்ளைச் சட்டை, தோளில் குடை, யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார். பின்னால் அம்மிணி, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு.

“இவங்க வாங்கறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம எடுத்து வைங்க. நான் பார்க்கணும்,” என்றார்.

எடுத்து வைத்தேன். ராகி, சாமை, உப்பு, புளி, மிளகாய், வெல்லம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துத் தள்ளினார். கடைசியில் மஞ்சள் டப்பா. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். அவர் முகம் மாறுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கோதுமை மாவுன்னு போட்டிருக்குதே. நீங்க படிச்சுச் சொன்னீங்கன்னு இந்தம்மா சொல்றாங்க?”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

“இது புது டப்பாங்க. அப்ப வந்த டப்பாவுல அப்படிப் போடலீங்க,” என்றேன்.

அம்மிணி டப்பாவைக் கம்பவுண்டர் கையிலிருந்து வாங்கியது. எனக்கு முன்னால் பலகையின் மேல் வைத்தது.

“அந்த எழுத்து எங்கிங்ணா இருக்குது? தொட்டுக் காட்டுங்க. நானும் அடையாளம் பாத்து வெச்சுக்கறேன்.”

கோபமாகக் கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற குரல்தான். கண்ணாடியைப் போட்டேன். டப்பாவில் நான்கு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பூப்படத்துக்குக் கீழே ஒரு வரி தனியாக இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன்.

கம்பவுண்டர் என் விரலைப் பார்த்தார். பிறகு திரும்பி ரோட்டைப் பார்த்தார். அம்மிணி கம்பவுண்டரின் முகத்தைப் பார்த்தது. பிறகு என் விரலைப் பார்த்தது. விரலை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“செரிங்ணா,” என்றது. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனது.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஜீப்பில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் குழந்தை. அழவில்லை.

கம்பவுண்டரிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். “இதனாலதாங்களா?” என்று. அவர் குடையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். “இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது,” என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நான் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன்.

அதற்கு முன்பே துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியாது, ஊரே போனது. லைன் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அம்மிணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றார்.

“யாருடி குடுத்தா? யாரு கையில என்னத்த வாங்கித் தின்ன? இப்பவாச்சும் சொல்லுடி!”

எல்லாரும் அம்மிணியின் வாயைப் பார்த்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மிணி தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. வேறெங்கும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மருந்து வைத்தவன் என்று என் கடையைப் பிடுங்கி ரோட்டில் எறிந்திருப்பார்கள்.

“யாரும் குடுக்கலீங்கத்தை,” என்றது. “நானாத்தான் தின்னேன்.”

அதற்குப் பிறகு அதற்குக் குழந்தை தங்கவில்லை. பெருங்காயத்தை விட்ட இரண்டு மாதத்தில் உடம்பு மட்டும் பழையபடி தேறியது. அது தேறத் தேற எனக்கு இங்கே நெஞ்சில் ஏதோ இறங்கும்.

முப்பது நாள் கழித்துக் கடைக்கு வந்தது. வராது என்று நினைத்திருந்தேன். “ஒரு கிலோ சாமை குடுங்ணா,” என்றது. தட்டைத் துடைத்தேன். தன் துணியை எடுத்துத் தானும் துடைத்தது. சாமையைப் பையில் கொட்டினேன். அந்தக் கேள்விக்காக நின்றேன். அம்மிணி பையின் வாயை முறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த முறையும் கேட்கவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. என் கடையை விடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. “அக்கா சௌக்கியமுங்களா?” என்று என் வீட்டுக்காரியை விசாரிக்காமல் போகாது. வாழைப்பழக்காரியிடம் கேட்டது. கிளியூரிலிருந்து கூடையில் முறுக்குக் கொண்டுவருகிறவரிடம் கேட்டது. கல்யாண வீட்டில் கேட்டு வசவு வாங்கியது. என்னிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. டப்பாவில் வருகிற எதையும் என்னிடம் வாங்கவும் இல்லை.

பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க சாயங்கால வகுப்பு வைத்தார்கள். நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் எஸ்டேட் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஜீப்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணா, நீங்க சொல்லிக் குடுக்கத்தான வந்திருக்கீங்க?” என்றார். “இல்லப்பா, கத்துக்கத்தான்,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. வரவேண்டிய வெட்கம், பத்து வருஷம் தாமதமாக வந்தது.

மனசில் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் முதல் வேலையாக, அன்று அம்மிணி பலகையில் விட்டுப்போன அந்த டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டேன். கோதுமை மாவு என்பது பக்கவாட்டில், சின்ன எழுத்தில் இருந்தது. பூப்படத்துக்குக் கீழே நான் விரல் வைத்துக் காட்டிய வரி, ‘ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’ என்பது.

அந்த வருஷம் அம்மிணியின் வீட்டுக்காரருக்குக் கீழே சேலத்தில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. ஊரை விட்டுப் போகிற அன்று, பஸ்ஸுக்கு முன்னால் அம்மிணி கடைக்கு வந்தது. முன் தலையில் நரை. போகிற இடத்தில் அம்மி வைக்க வசதியில்லையாம், குழம்புத்தூள் ஒரு பொட்டலம் வேண்டும் என்றது. அட்டையில் எழுத்து அடித்து வந்த பொட்டலம். பத்து வருஷத்தில் முதல் முறையாக எழுத்துள்ள சாமானை என்னிடம் கேட்டது.

அது கேட்பதற்கு நான் காத்திருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டேன். இப்போது போட்டிருந்தது ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்துக் கொடுத்த கண்ணாடி. பொட்டலத்தைத் திருப்பி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன்.

“மல்லி. மிள...காய். மஞ்சள். சீரகம். வெந்...தயம். மிளகு. கடலைப் பருப்பு. அவ்வளவுதான் அம்மிணி. கோதுமை இல்லீங்க. பெருங்காயமும் இல்லீங்க.”

அம்மிணி தரையைப் பார்த்துக்கொண்டு கடைசி எழுத்துவரை கேட்டது.

“கத்துக்கிட்டீங்களாமா. சொன்னாங்க. நொம்ப சந்தோசமுங்ணா,” என்றது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, “வர்றேனுங்ணா,” என்று கும்பிட்டது.

ரோட்டைத் தாண்டியது. பஸ் நின்றுகொண்டிருந்தது, வீட்டுக்காரர் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மிணி படியில் கால் வைத்தது. பிறகு காலை எடுத்தது. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டியது. அன்று மழை இல்லை. தகரம் சத்தம் போடவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

“ஏனுங்க சாமி, இதுல என்னங்க கலந்திருக்குது?”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஊருக்கே கேட்கிற குரலில் படித்தார். மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம், வெந்தயம், மிளகு, கடலைப் பருப்பு. நான் படித்ததேதான். ஓர் எழுத்து மாறவில்லை.

அம்மிணி தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறியது.